பாலிஷ் மெஷின் வாங்குமுன் பக்கெட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்கினாலே கார் பாலிஷ் மெஷினுக்குத் தள்ளுபடி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கடையில் ஒவ்வொரு முறையும் கொடுக்கிற காசுக்கு மெஷினையே வாங்கிவிட்டால் என்ன என்று ராயபுரம் முதல் மாதவரம் வரை கார் வைத்திருக்கும் பலரும் கேட்கிறார்கள். ரப்பிங், பாலிஷ், கோட்டிங் வேலையையே தொழிலாகச் செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சிலருக்கு மெஷின் நிச்சயம் பயன்படும். பெரும்பாலானோருக்கு அது பரணில்தான் கிடக்கும். யாராக இருந்தாலும், வண்டியைக் கழுவும் முறையை மாற்றாமல் மெஷினில் கை வைத்தால் பெயிண்ட்டுக்குத்தான் சேதம்.

கார் தகட்டின் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனம் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். இந்தக் கடிதம் அச்சாகும் செய்தித்தாளின் ஒரு தாளைவிட மெல்லியது. பளபளப்பும் வெயில் பாதுகாப்பும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. பாலிஷ் என்பது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பது. மெல்லிய பாலிஷ் போட்டால் 1 மைக்ரானுக்கும் குறைவாகப் போகும். அதைவிடக் கரகரப்பான காம்பவுண்டு என்ற பசையைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் 2, 3 மைக்ரான் போகும். ஒருமுறை போனது திரும்பி வராது. சர்வீசுக்கு விடும்போதெல்லாம் ரப்பிங்கும் சேர்த்துச் செய்யச் சொல்லும் பழக்கம் இதனால்தான் தவறு. கிளியர் கோட் மெலிந்துவிட்டால் ரூஃபிலும் பானெட்டிலும் முதலில் வெளுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். அதற்கு மேல் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

வடசென்னை வண்டிகளின் நிலை தனி. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல் காற்றோடு வருகிறது. அது வெறும் தூசி கிடையாது. சிலிக்காவும் அலுமினாவும் கலந்த, கண்ணாடித் தன்மையுள்ள நுண்துகள். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண் அதன் மேல் சேர்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று உப்பைப் படிய வைக்கிறது. ரயில் பாதையை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் இரும்புத் துகள் வெந்நிலையில் வந்து ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருப்பிடித்து, வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். நம் வண்டியின் பிரேக் பேடும் இதே வேலையைச் செய்கிறது. இவ்வளவும் படிந்திருக்கும் பானெட்டைக் காலையில் காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டித் துடைக்கிறார்கள். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள், ஸ்வர்ல் என்று நாங்கள் சொல்வது, பெரும்பாலும் அந்தத் துணியால் வருபவை. மெஷின் வைத்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்த கோடுகளைத் திங்கள்கிழமை காலை அதே துணி திரும்பப் போட்டுவிடும்.

ஆகவே முதல் செலவு இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் ஷாம்புவில் தோய்க்க வேண்டும். கையுறை படுவதற்கு முன்பே ஹோஸ் தண்ணீரால் மண்ணை அடித்து இறக்கிவிட வேண்டும். ரூஃபில் தொடங்கிக் கீழே வரவேண்டும். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசியில்தான். சக்கரத்துக்குத் தனித் துணி.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலிஷ் கேட்டு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையான நோய் இதுதான். கடலோரப் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் நீர் போய் உப்பு வளையம் நிற்கும். சிலர் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாதென்று பிடித்து வைத்துக் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட அது மோசம். டயருக்கும் தரைக்கும் ஊற்றலாம், பெயிண்ட்டில் வேண்டாம். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீரோ, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ இருந்தால் போதும். ஏசி தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே இரவில் சில லிட்டர் சேர்ந்துவிடும். துளிகூடச் சாம்பல் இல்லாத சுத்தமான பக்கெட்டில் பிடிக்க வேண்டும். அலசியதும் பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து 1 நிமிடம் போர்த்தி வைத்து, உடனே நிறையத் தண்ணீரில் அலசுங்கள். நிழலில், ஆறிய தகட்டில்தான் செய்ய வேண்டும். வளையம் போய்விட்டால் அது மேலே படிந்திருந்த சுண்ணாம்பு, மெஷின் தேவையில்லை. வெள்ளை போயும் குழி மாதிரி ஒரு தடம் நின்றால் அது கிளியர் கோட்டையே அரித்துவிட்டது, அதற்குத்தான் மெஷின்.

இப்படி வண்டியைச் சோதித்த பிறகே வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். கழுவிக் காய்ந்த பானெட்டை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அது ஒட்டியிருக்கும் துகள். அயர்ன் ரிமூவர் தெளித்தால் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். நாற்றம் கடுமையாக இருக்கும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், 3 முதல் 5 நிமிடத்துக்குள், காய விடாமல் அலசிவிடுங்கள். மிச்சத்தைக் களிமண் மாதிரி வரும் கிளே பாரில், ஷாம்பு தண்ணீர் தெளித்துக்கொண்டே, அழுத்தாமல் எடுக்கலாம். கிளே கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதில் ஒட்டிய மணல் கோடு போடும். இவ்வளவு செய்து ஒரு வாக்ஸ் (மெழுகுப் பூச்சு) போட்டாலே பல வண்டிகள் புதுப் பொலிவு பெற்றுவிடும். அடுத்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெள்ளை, சில்வர் வண்டிகளில் ஸ்வர்ல் எளிதில் கண்ணில் படாது. கால் டாக்சி ஓட்டும் அன்பர்கள் மெஷினுக்குச் செலவழிக்கவே வேண்டாம். கறுப்பு, கருநீலம், சிவப்பு வண்டிகளில் பளிச்சென்று தெரியும். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் கீறல் ஆழம்; பாலிஷில் ஓரம் மழுங்கலாம், முழுதாகப் போகாது. அதைத் துரத்திக்கொண்டு ஒரே இடத்தில் தேய்த்தால் நிறம் வெளியே வந்துவிடும்.

மேட் ஃபினிஷ் வண்டி, ராப் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி என்றால் பேச்சே இல்லை, மெஷின் கூடாது. செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் பாலிஷோடு அதுவும் போய்விடும்.

சோதித்துப் பார்த்து, வேலை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு எந்த மெஷின் என்ற கேள்வி. கடையில் மூன்று வகை கிடைக்கும். ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுற்றுவது. வேகமாக அறுக்கும், விலையும் குறைவு, ஆனால் ஒரே இடத்தில் சில நொடி நின்றால் சூடேறிப் பெயிண்ட் வெந்துவிடும். பழகாத கையில், வெயிலில் அசைந்தாடும் நிழல் மாதிரி ஹோலோகிராம் தடங்களை விட்டுப் போகும். இரண்டாவது டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே ஆடும். அழுத்தம் அதிகமானாலோ, ஓரத்தில் மாட்டினாலோ சுற்றுவது நின்று ஆட்டம் மட்டும் இருக்கும். அந்தக் குணம்தான் புதியவரைக் காப்பாற்றுகிறது. மூன்றாவது, கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றும் டிஏ. நிற்காது, ஆனால் சூடும் அதிர்வும் கூடுதல். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் டிஏ தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆங்கிள் கிரைண்டரில் பேடு (பாலிஷ் தேய்க்கும் மெத்தை வட்டு) மாட்டி ஓட்டுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். ரோட்டரி பாலிஷர் 600 முதல் 3,000 வரைதான். கிரைண்டர் வெட்டுவதற்குச் செய்தது.

டிஏ பெட்டியில் 8, 12, 15, 21 மி.மீ. என்று போட்டிருப்பது பேடு எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்ற அளவு. 21 மி.மீ. அகலமான பானெட்டில் சீக்கிரம் முடிக்கும், வளைவில் தடுமாறும். நம் ஊரில் அதிகம் ஓடும் சின்ன ஹேட்ச்பேக்குகளுக்கு 15 மி.மீ. மெஷினும், பேடு ஒட்டும் தட்டான 5 இன்ச் பேக்கிங் பிளேட்டும், அதைவிடச் சற்றே பெரிய பேடும் சரி. கண்ணாடித் தூணுக்கும் பம்பர் மூலைக்கும் புல்லட் டாங்குக்கும் 3 இன்ச் பிளேட் தேவைப்படும். பிளேட்டை மாற்றும்போது அந்த மெஷினின் எடைச் சமனுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். ஒவ்வாத பிளேட் போட்டால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். திருகின் அளவும் முக்கியம். ரோட்டரியில் பெரும்பாலும் எம்14, டிஏவில் பலவற்றில் எம்8. பெயர் தெரியாத மெஷினில் வேறு அளவு இருந்தால், பிளேட்டின் வெல்க்ரோ உரிந்த அன்றே மெஷினும் வேலைக்காகாது. பாரிமுனை செம்புதாஸ் தெரு மாதிரிக் கடைகளில் நேரில் வாங்குவதன் லாபம் இதில்தான். 4ஆம் வேகத்தில் 5 நிமிடம் கையில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். தலைப்பகுதி சுட்டால், சுவிட்ச் போட்டதும் மெதுவாக எழாமல் துள்ளினால், வேண்டாம். மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒரு ஜோடி அப்போதே வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மெஷின் 110 வோல்ட்டா என்று பார்க்காமல் நம் பிளக்கில் சொருகாதீர்கள்.

மெஷின் விலையோடு கணக்கை நிறுத்தவும் கூடாது. ஃபோம் பேடு குறைந்தது 6, காம்பவுண்டு ஒன்று, ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி 10, மாஸ்கிங் டேப், துடைத்துப் பார்க்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், கிளே, அயர்ன் ரிமூவர் என்று போட்டுப் பார்த்தால் நடுத்தர விலை மெஷினுக்கு ஆகும் தொகையை நெருங்கிவிடும். உதாரணத்துக்கு மெஷின் 9,000 ரூபாய், சாமான்கள் 7,000 ரூபாய் என்று வையுங்கள். கடையில் ஒரு தடவைக்கு 4,000 ரூபாய் என்றால் 4 தடவை செய்தால்தான் போட்ட காசு திரும்பும். ஒழுங்காகக் கழுவப்படும் ஒரு வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் மெஷின் பாலிஷ் தேவையில்லை. ஒரே கார் உள்ள வீட்டில் இது 8 ஆண்டுக் கணக்கு. ஃபிளாட்டில் 4 குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினால் 2 ஆண்டில் சரியாகிவிடும். பேடை மட்டும் அவரவர் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் பேடில் என்ன மணல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இடமும் ஒரு கேள்வி. தெருவில் நிறுத்தும் வண்டிக்கு மெஷின் போட முடியாது. காற்றில் வரும் ஒரு மணல் பேடுக்கு அடியில் சிக்கினால் போதும். மேலே கூரையுள்ள, தரை காய்ந்த இடம் வேண்டும். மெஷின் 700 முதல் 900 வாட் இழுக்கும், சாதாரண பிளக் தாங்கும். ஆனால் எக்ஸ்டென்ஷன் ஒயர் மெல்லியதாக இருந்தால் சூடாகும், மெஷினும் திணறும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், முழுதாகப் பிரித்துப் போட்டது, மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள லைனில். ஈரத் தரையில் ஓட்டக் கூடாது. ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் பெயிண்ட்டில் உரசாது.

செய்முறையில் எல்லோரும் அவசரப்படும் இடம் டெஸ்ட் ஸ்பாட். பானெட்டில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. ஒரு சதுரத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள். மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் போட்டுத் தொடங்குங்கள். அதிலேயே கோடு போய்விட்டால் காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். பேடின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் மஞ்சளாக இருக்கும். புதுப் பேடு என்றால் முகம் முழுக்க லேசாகப் பாலிஷ் தடவிவிட்டு, மேலே பட்டாணி அளவில் 4 சொட்டு. மெஷினை அணைத்த நிலையில் பேடை ஒற்றிப் பரப்பி, 1ஆம் வேகத்தில் ஒரு சுற்றுப் பூசி, பிறகு 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். கை நகரும் வேகம் நொடிக்கு 2 முதல் 3 செ.மீ. ஒரு வரி முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை என்று 4 முதல் 6 தடவை. அழுத்தம் மெஷின் எடையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது, நின்ற இடத்திலேயே மங்கலாக அதிர்ந்தால் பேடு படுக்கையாக இல்லை அல்லது அழுத்தம் அதிகம். புதியவர்கள் கோடு போகவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள். அழுத்த அழுத்தச் சுற்றுவது நிற்கும், சூடு மட்டும் ஏறும்.

முடிந்ததும் 10 முதல் 15 சதவீத ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கோட்டை மறைத்து, எல்லாம் போய்விட்ட மாதிரிக் காட்டும். 2 கழுவலில் எண்ணெய் போனதும் கோடு திரும்பித் தெரியும். கடைப் பாலிஷ் ஒரு மாதத்தில் "போய்விட்டது" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்: கோட்டை எடுக்கவில்லை, நிரப்பியிருக்கிறார்கள்.

நம் ஊரில் வேலை கெடுவதற்கு முதல் காரணம் சூடு. புறங்கையைப் பானெட்டில் 5 நொடி வைக்க முடியாவிட்டால் பாலிஷ் போடாதீர்கள்; தேய்க்கும் முன்பே காய்ந்து, மாவாகி, துடைக்கும்போது அதுவே கோடு போடும். காலை 6 முதல் 10 வரை, மாலை 4க்குப் பிறகு என்று இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யலாம். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடின் முகத்தை நைலான் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுத்தெடுத்த கிளியர் கோட்டும் பழைய பாலிஷும் சேர்ந்து பிசினாகி நிற்கும். பேடின் நடுப்பகுதி முதலில் சூடாகும். தொட்டால் சுடுகிறது என்றால் வேறு பேடு மாட்டுங்கள். ஒரே பேடில் காரை முடிக்கப் பார்த்தால் பசை இளகி வெல்க்ரோ கழன்று வந்துவிடும்.

பேனலின் விளிம்பிலும் பானெட்டின் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் மெல்லியது, அழுத்தம் ஒரு கோட்டில் குவியும். மடிப்பின் மேல் டேப் ஒட்டிவிட்டு இருபக்கமும் செய்யுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, அதனால் வேகத்தை ஒரு படி குறைக்க வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பட்டை எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். பாலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து எளிதில் போகாது. பேடில் வண்டியின் நிறமே ஒட்டி வந்தால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்ட்டாக இருக்கலாம், அல்லது கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் இதற்கு முன்பே கடையில் பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பக்கத்துப் பேனலைவிடக் கனம் இருமடங்கு என்றால் அது மறுபடி பெயிண்ட் அடித்தது. 80 மைக்ரானுக்குக் கீழே காட்டினால் காம்பவுண்டைத் தொடாதீர்கள்.

பூஜைக்காகப் பானெட்டில் வைக்கும் சந்தனம் குங்குமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குங்குமம் பெயிண்ட்டில் ஊறிக் கறை விடும். முதலில் வாக்ஸ் போட்டுவிட்டு அதன் மேல் வைத்தால், மறுநாள் காலை ஈரத்துணியில் வந்துவிடும். வெயிலில் ஒரு வாரம் விட்டுவிட்டு மெஷினைத் தேடுகிற நிலை வராது.

கடையிலேயே கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள், சாவியைக் கொடுக்கும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: கிளே போடுவீர்களா, எந்த மெஷின், பேடு எத்தனை மாற்றுவீர்கள், முடிந்ததும் ஆல்கஹாலில் துடைத்து டார்ச்சில் காட்டுவீர்களா. ஒரு மணி நேரத்தில் முழுக் காருக்கும் பாலிஷ் முடித்துத் தருகிறோம் என்றால் அங்கே நடப்பது வாக்ஸ் பூச்சு மட்டுமே. அதற்கு வாக்ஸ் விலை கொடுங்கள். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் மெஷின்களின் விலைப் பட்டியலோடு இந்தக் கேள்விகளையும் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கார் டீடெய்லிங் தொழில் செய்வோர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81